முந்நூற்றில் ஒன்று

அவரை எல்லோரும் 'நிமிஷம்' என்றுதான் கூப்பிடுவார்கள். சாப்பிடக் கூப்பிட்டால் ஒரு நிமிஷம், வாசலில் ஆள் வந்து நின்றால் ஒரு நிமிஷம், மழை கொட்டத் தொடங்கினாலும் ஒரு நிமிஷம். கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்க அந்த மனுஷனுக்கு எப்போதும் இன்னும் ஒரு நிமிஷம் பாக்கி இருந்தது. வார நாட்களில் ஏரிக்கரையிலும் காட்டோரத்திலும் பறவை, விலங்கு. வார இறுதியில் பைக் ரேஸ், ஓட்டப்பந்தயம். ஓடுகிறதையும் பறக்கிறதையும் நிறுத்திப் பிடிப்பதே இருபத்தாறு வருஷமாக அவருடைய பிழைப்பு.

மனைவிக்கு அவர் வைத்த பெயர் 'கத்திரி'. அவர் ஒரு நாளில் எடுத்துவரும் படங்களில் தேறுவது எது, தேறாதது எது என்று பிரிப்பது அவள் வேலை. எடுத்ததை அவர் கேமராவின் பின்திரையில் பார்க்கக்கூட மாட்டார், நினைவட்டையை அப்படியே அவளிடம் கொடுத்துவிடுவார். முன்னறையில் இரண்டு திரைகளுக்கு முன்னால், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தாட்சண்யம் என்பது அந்த நாற்காலிக்குப் பக்கத்தில்கூட வராது. "இதுல என்ன குறை?" என்று அவர் பின்னால் நின்று கெஞ்சுவார். "மூக்கு தெளிவா இருக்கு, கண்ணு தெளிவா இல்ல" என்பாள். படம் போய்விடும். பறவைக்கு மூக்கு ஏது என்று அவர் முணுமுணுத்துக்கொண்டே போவார். ஆனால் அவள் வைத்த படத்தை யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

அவர்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது. பல வருஷங்களுக்கு முன்னால், அவர் தொழிலில் பெரிய ஆளாக நினைத்திருந்த ஒருவரின் கண்காட்சிக்கு இருவரும் போயிருந்தார்கள். சுவர் முழுக்கப் படங்கள், பாதிக்கு மேல் கை ஆடியவை. வந்தவர்கள் முகத்துக்கு நேராக ஆகா ஓகோ என்றுவிட்டு, வெளியே தேநீர்க் கோப்பையுடன் நின்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இவரை உலுக்கிவிட்டது. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

"எனக்கு இந்தக் கதி வரக்கூடாது. கை ஆடுன படம் மூணு சேர்ந்தாப்புல வந்தா நீ சொல்லிடணும். அன்னைக்கே கேமராவக் கீழ வச்சிடறேன்."

"சொல்றேன்."

"மனசு கேக்கலன்னு மறைக்கக் கூடாது."

"நான் என்னைக்கு உங்க படத்துக்கு இரக்கப்பட்டிருக்கேன்?" என்று கேட்டாள். அன்றைக்கு அது உண்மை.

நீர்நாய்ப் படங்கள் வந்த நாளில்தான் அது பொய்யாயிற்று. ஆற்றங்கரைப் பாறையில் ஒரு நீர்நாய், வாயில் மீனோடு நிமிர்ந்து நிற்கிறது. அவர் வருஷக்கணக்காகக் காத்திருந்த காட்சி. அவள் முதல் படத்தைத் திறந்தாள். உடம்பு இருந்தது, மீனின் வால் இருந்தது, தலை இல்லை. மேல் விளிம்பில் வெட்டுப்பட்டிருந்தது. அடுத்ததிலும் அப்படியே. அதற்கடுத்ததில் தலை இருந்தது, ஆனால் கண்ணிலிருந்து மெல்லிய கோடு ஒன்று சாய்வாக இழுபட்டிருந்தது. அவள் மூன்றோடு நிறுத்தவில்லை. அறுபது படத்தையும் பார்த்தாள். நாற்பத்தொன்றில் ஒரே கோளாறு. சும்மா கை நடுங்கினால் படம் எல்லாப் பக்கமும் ஆடும். இது அப்படி இல்லை. லென்ஸின் மூக்கு ஒவ்வொரு முறையும் கீழே தொங்கியிருக்கிறது. லென்ஸை அடியில் தாங்குவது இடது கை. அந்தக் கை தாங்கவில்லை.

உள்ளே அவர் குளித்துக்கொண்டே சீட்டியடித்துக்கொண்டிருந்தார். நீர்நாய் கிடைத்த சந்தோஷம்.

சொன்னால் கீழே வைத்துவிடுவார். சொன்ன சொல் தவறாத ஆள். வைத்துவிட்டு என்ன செய்வார் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவரை வீட்டில் வைத்துக்கொண்டு, தான் என்ன செய்வது என்பதும் தெரியவில்லை. ஒருமுறை காய்ச்சலில் இரண்டு வாரம் படுத்தபோதே சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு யாரோடும் பேசாமல் கிடந்தவர் அவர். களைப்பாக இருக்கும், தூக்கம் போதவில்லை, நாளைக்குச் சொல்லலாம் என்று தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டாள். அவர் தலையைத் துவட்டிக்கொண்டு வருவதற்குள் நாற்பத்தொரு படங்களையும் ஒரு தனி வன்தட்டுக்கு மாற்றிவிட்டாள். அழிக்கக் கை வரவில்லை. வன்தட்டின் மேல் ஒரு சீட்டு ஒட்டி 'சமையல் குறிப்பு' என்று எழுதினாள். வெந்நீர் வைக்கத் தெரியாத அவர் அதை ஏழு ஜென்மத்திலும் தொடமாட்டார்.

அடுத்த வாரம் அவருடைய பழைய கேமராவின் ஷட்டர் உயிரை விட்டது. ஐந்து லட்சம் தடவைக்கு மேல் திறந்து மூடிய ஷட்டர், அதைக் குறை சொல்ல முடியாது. இருவரும் கடைக்குப் போனார்கள்.

கடைக்காரருக்குப் பட்டப்பெயர் 'கையுறை'. வெள்ளைக் கையுறை மாட்டாமல் எந்த லென்ஸையும் தொடமாட்டார். தன் பேரப்பிள்ளையைக்கூட அப்படித் தூக்கியிருக்க மாட்டார். கண்ணாடி மேசையில் கறுப்பு வெல்வெட் துணியை விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"அண்ணே, இது அறுநூறு எம்.எம். ஜூம் கிடையாது, ஒரே நீளம்தான். ஆனா வெளிச்சத்த அப்படியே வாரிக் குடிக்கும். விடியறதுக்கு முன்னாடியே எடுக்கலாம். மூணேகால் கிலோ. இது எரநூறுலேருந்து அறுநூறு வரைக்கும் ஜூம். ரெண்டு கிலோதான். இருட்டுல கொஞ்சம் திணறும், படத்துல பொரிபொரியா வரும். ஆனா கை ஆடினா உள்ளயே சமாளிச்சுக்கும்."

"என் கை ஏன் ஆடப்போகுது?" என்று நிமிஷம் சிரித்தார். கத்திரி மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லென்ஸ மாட்டற கேமரா பாடியும் ரெண்டு இருக்கு. இது நொடிக்குப் பத்துப் படம். இது நொடிக்கு முப்பது. மிருகத்தோட கண்ண அதுவே தேடிப் புடிச்சுக்கும்."

"முப்பதா? அது படம் எடுக்கறதா, அரிசி கொட்டறதா? நேரம் பாத்து ஒரு தடவ அமுக்கறவன்தான்யா படம் எடுக்கறவன். கொட்டிட்டுப் பொறுக்கறதுல என்ன இருக்கு?"

"பொறுக்கப்போறது நான்தானே, உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்றாள் கத்திரி.

இரண்டு லென்ஸையும் கடை வாசலில் நின்று சோதிக்கலாம் என்றார் கையுறை. எதிர்க் கட்டடத்தின் நான்காவது மாடி விளிம்பில் புறாக்கள் உட்கார்ந்திருந்தன. அவர் கனமான லென்ஸைப் பத்துப்பட பாடியில் மாட்டி எடுத்தார். பிறகு ஜூமை முப்பதுபட பாடியில் மாட்டி எடுத்தார். நினைவட்டைகளைக் கடையின் திரையில் போட்டுப் பார்ப்பது வழக்கம்போல் கத்திரியின் வேலை. திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். கனமான லென்ஸில் பத்துப் புறாக்களில் ஆறுக்குத் தலை இல்லை. மற்ற நான்கும் நன்றாகவே இருந்தன, அந்த லென்ஸ் அப்படி. ஜூமில் தொண்ணூறு படங்கள். அறுபது உதவாது. முப்பது இருந்தது. முப்பது போதும்.

கனமான லென்ஸில் எடுத்ததில் மோசமான ஒன்றையும், ஜூமில் எடுத்ததில் ஆகச் சிறந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"பாருங்க. எது நல்லாருக்குன்னு நீங்களே சொல்லுங்க."

அவர் குனிந்து பார்த்தார். புருவம் சுருங்கியது. "கனமானது இவ்வளவு மோசமாவா வருது?"

"லென்ஸ் மேல தப்பு இருக்காதே அண்ணி..." என்று கையுறை இழுத்தார். கத்திரி அவரை ஒரு பார்வை பார்த்தாள். வியாபாரி அல்லவா, அத்தோடு வாயை மூடிக்கொண்டார்.

"வயசாவுதுல்ல, மூணேகால் கிலோவத் தூக்கிட்டு அலையணுமா? முதுகு என்னத்துக்கு ஆவும்?" என்றாள். அவர் கனமான லென்ஸை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு ஜூமையும் முப்பதுபட பாடியையும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். கடையை விட்டு இறங்கும்போது அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து அவள் பிற்பாடு எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டாள் என்பதற்குக் கணக்கு இல்லை.

அதற்குப் பிறகு அவருக்குப் பொற்காலம். எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். வளைவில் தரையைத் தொட்டுவிடுவது போலச் சாயும் பைக், தண்ணீரிலிருந்து மீனைத் தூக்கிக்கொண்டு எழும் விராலடிப்பான் பருந்து, வேலியைத் தாண்டும் மான். ஒவ்வொன்றும் கத்தி மாதிரிக் கூர்மை. "புது லென்ஸ் கை கொடுக்குது" என்று நண்பர்களிடம் சொன்னார். "கத்திரி சொன்னது சரிதான், கனமானத வாங்கியிருந்தா அவதிதான்" என்று அவளுக்கும் ஒரு பங்கு புகழ் கொடுத்தார். அதைக் கேட்கும்போதெல்லாம் அவள் எழுந்து சமையலறைக்குள் போய்விடுவாள்.

முன்னறையில் நடந்தது வேறு. முதலில் முந்நூறு படத்தில் நூறு தேறியது. மழைக்காலத்தில் நாற்பது. அது கழிந்ததும் பத்து. முப்பது முப்பதாகக் கொட்டுகிற கேமரா அது. கை எங்கே தொங்கினாலும், மறுபடி தூக்கும் அந்த இடைவெளியில் ஒரு படமாவது நேராக விழுந்துவிடும். அவளுக்கு ஒன்று போதும். அந்த ஒன்றையும் நிமிர்த்தி, ஓரம் வெட்டி, கொஞ்சம் பூசி மெழுகி, அவர் முன் வைத்தாள். மிச்சமெல்லாம் சமையல் குறிப்புக்குப் போயின. இரக்கமில்லாமல் வெட்டுவதற்குப் பெயர் வாங்கிய கை, இப்போது அவரிடமிருந்தே அவரை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தது.

எப்போதாவது அவர் சாப்பிட்டுக்கொண்டே வேடிக்கையாகக் கேட்பார். "என்ன கத்திரி, மூணு படம் வந்துச்சா?"

"வரல."

"வந்தா சொல்லுவல்ல?"

"சாப்பிடுங்க, ஆறுது."

பதினான்கு மாதம் இப்படி ஓடியது. கடைசியில் வந்து நின்றது ஒரு சட்டைப் பொத்தானில். ஒருநாள் காலை அவர் கண்ணாடி முன் நின்று இரண்டாவது பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அது துளைக்குள் போக மறுத்தது. பிறகு சாவி கையிலிருந்து நழுவியது. ஒரு வாரம் கழித்துப் படிக்கட்டில் கால் தடுக்கிற்று. இரண்டு மாதம் வைத்தியம் பார்க்காமல் இழுத்தடித்தார். கத்திரிதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா ஸ்கேன் படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டினார். கழுத்து எலும்பு வளர்ந்து உள்ளே இருக்கும் நரம்புத் தண்டை அழுத்துகிறது என்று பேனா முனையால் காட்டினார். அவருடைய விரல்களை மடக்கச் சொன்னார், விரிக்கச் சொன்னார், தன் கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார்.

"எப்போலேருந்து இப்படி இருக்கு?"

"ரெண்டு மாசமா டாக்டர்."

"அதுக்கு முன்னாடி? கைல வலு குறையறது, பொருள் கைல நிக்காம போறது?"

"இல்லவே இல்ல. ஸ்கேன்ல எப்படித் தெரியுது?"

"ஸ்கேனப் பாத்தா பழசு மாதிரிதான் இருக்கு. ஆனா ஸ்கேன மட்டும் வச்சுச் சொல்ல முடியாது. சில பேருக்கு ஸ்கேன்ல நிறைய இருக்கும், கைல ஒண்ணும் இருக்காது. அதனாலதான் கேக்கறேன்."

"நான் கேமராக்காரன் டாக்டர். கை லேசா ஆடினாக்கூடப் படம் காட்டிக்கொடுத்துடும்." அவர் சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்து, திரையை ஒற்றை விரலால் தள்ளித் தள்ளி டாக்டரம்மாவிடம் நீட்டினார். "இது மூணு மாசம் முன்னாடி. இது அதுக்கும் முன்னாடி. ரெண்டு கிலோவக் கைலயே புடிச்சு எடுத்தது, ஸ்டாண்டு கிடையாது. இறகு ஒவ்வொண்ணும் தெரியுது பாருங்க."

டாக்டரம்மா பார்த்தார். விராலடிப்பானின் மஞ்சள் கண்ணில் ஏரியின் வெளிச்சம்கூடத் தெரிந்தது. அவர் முகம் தெளிந்தது.

"அப்ப சமீபத்துல வந்ததுதான். கையும் இந்த அளவுக்கு நல்லா இருந்திருக்கு. அவசரப்பட்டு கழுத்துல கத்தி வைக்க வேண்டாம். கழுத்துக்குப் பட்டை போட்டுக்குங்க, பயிற்சி தரேன், மூணு மாசம் பாக்கலாம். மோசமானா ஆபரேஷன்."

நிமிஷம் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். பார்த்தாயா, என் படங்கள் என்னைக் காப்பாற்றிவிட்டன என்கிற சிரிப்பு அது. டாக்டரம்மா சீட்டில் எழுதத் தொடங்கினார். இப்போது வாயைத் திறக்காவிட்டால் இன்னும் மூன்று மாதம். திறந்தால் இருபத்தேழு வருஷத் தாம்பத்தியத்தில் மிச்சம் என்ன இருக்கும் என்று கத்திரிக்குத் தெரியாது.

"அந்தப் படங்கள நம்பாதீங்க டாக்டர்."

பேனா நின்றது.

"முந்நூறு எடுத்தா அதுல ஒண்ணு அப்படி வரும். அந்த ஒண்ணத்தான் நான் அவருக்குக் காட்டுவேன். மிச்சத்தையெல்லாம் எடுத்து வச்சிருக்கேன். இடது கை தாங்கல. பதினாலு... இல்ல, இந்த ரெண்டையும் சேத்தாப் பதினாறு மாசமாவே தாங்கல. மாசாமாசம் கொறஞ்சுக்கிட்டே வந்துச்சு."

நிமிஷம் அவளையே பார்த்தார். சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது, எடுக்க மறந்துவிட்டவர் மாதிரி. "என்ன சொல்ற நீ?" என்று மெதுவாகக் கேட்டார்.

அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. டாக்டரம்மாவிடம்தான் பேசினாள், எண்களைச் சொன்னாள். நூறு, நாற்பது, பத்து, ஒன்று. டாக்டரம்மா தான் எழுதியிருந்த சீட்டைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். அடுத்த வாரமே ஆபரேஷன் என்றார். இப்படி இறங்கிக்கொண்டே வருவதை மூன்று மாதம் விட்டிருந்தால் காலும் போயிருக்கும் என்றார்.

"கை பழையபடி வந்துடுமா?" என்று நிமிஷம் கேட்டார்.

"இதுக்கு மேல போகாம நிறுத்திடலாம். போனது பெரும்பாலும் வராது. ஆரம்பத்துலயே வந்திருந்தா..." டாக்டரம்மா கத்திரியின் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியை முடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் முன்னறையில் அவளுடைய நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்ததே கிடையாது. "கொண்டா" என்றார். அவள் சமையலறை அலமாரியிலிருந்து வன்தட்டை எடுத்து வந்து வைத்தாள். அவர் மேலே ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். கோபத்தில் கத்துவார் என்று காத்திருந்தாள். கத்தியிருந்தால் எவ்வளவோ தேவலை.

படங்கள் திரையில் ஓடின. தலையில்லாத கொக்கு, தலையில்லாத மான், ஓட்டக்காரனின் கழுத்துக்குக் கீழே மட்டும், வானமே இல்லாமல் வெறும் தண்ணீர். முப்பத்தேழாயிரத்துச் சொச்சம். அவர் எல்லாவற்றுக்கும் முந்தியதைத் தேடிப் போனார். நீர்நாய். தேதியைப் பார்த்தார்.

"கடைக்குப் போறதுக்கு எட்டு நாள் முன்னாடி."

"ஆமா."

"அப்ப அந்தப் புறாப் படம்..."

"பத்துல நாலு நல்லாத்தான் வந்துச்சு. நான் காட்டல."

"நல்ல லென்ஸ் அது. அதப் போய் மோசம்னு சொல்லிட்டேன்" என்றார். தன் கைக்காக வருத்தப்படாமல் ஒரு லென்ஸுக்காக வருத்தப்படுகிறாரே என்று அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சுவரோரம் நின்றபடியே முந்தானையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டாள்.

சற்று நேரம் கழித்து அவர் எழுந்தார். கேமராவை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். நொடிக்கு முப்பது என்றிருந்த அமைப்பை, ஒரு அழுத்தலுக்கு ஒரு படம் என்று மாற்றினார். அந்தச் சின்னச் சக்கரத்தைத் திருப்பவே அவருக்கு மூன்று தடவை ஆயிற்று. ஜன்னலைத் திறந்தார். எதிர் வீட்டுக் கம்பியில் ஒரு காகம் உட்கார்ந்திருந்தது, ஓடவும் இல்லை, பறக்கவும் இல்லை. லென்ஸைத் தூக்கினார். மூச்சை அடக்கி ஒன்று எடுத்தார். இரண்டாவது. மூன்றாவது. பிறகு கேமராவின் பின்பக்கத்தை அவள் பக்கம் திருப்பினார்.

"பாத்துச் சொல்லு."

அவள் பார்த்தாள். மூன்றிலும் கம்பி இருந்தது, கால்கள் இருந்தன. காகத்துக்குத் தலை இல்லை.

"வேண்டாங்க."

"சொல்றேன்னு சொல்லியிருக்க. சொல்லு."

"மூணு படம் வந்துடுச்சு" என்றாள். "கை ஆடுது. கேமராவக் கீழ வச்சிடுங்க."

அவர் தலையை ஆட்டினார், யாரோ வழி சொல்லக் கேட்டுக்கொள்கிறவர் மாதிரி.

"இவ்வளவுதான். இதுக்குப் பதினாறு மாசம்" என்றார்.

கழுத்து வாரைக் கழற்ற இடது கையைத் தூக்கினார். கை தோள் வரை வந்தது, விரல்கள் வாரைத் தேடின, பிடிக்க முடியாமல் நழுவின. மறுபடி தூக்கினார். கத்திரி ஓரடி முன்னால் வந்து நின்றுவிட்டாள். தொட்டால் கையைத் தட்டிவிடுவாரோ என்று பயந்தாள். காகம் பறந்துபோன சத்தம் கேட்டது. அவர் ஜன்னலைப் பார்த்தபடியே கழுத்தை அவள் பக்கம் குனிந்து காட்டினார்.

"நீயே எடுத்துடு" என்றார்.